பதிமூன்றரைக் கட்டம்

ப்ளூஸ் பாட்டில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம். நாலு தட்டு ஒரு கட்டம். பன்னிரண்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இது மெம்ஃபிஸில் பால்குடி மறக்காத குழந்தைக்குத் தெரியும், ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான்: எழுபத்தாறு வயது ஒஸெல்லா பிக்கன்ஸ். அறுபது வருடமாக ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்ததில் அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவருடைய சுற்று சில நாள் பதிமூன்று கட்டம், பெரும்பாலும் பதிமூன்றரை, யார் மேலாவது கோபமாக இருந்தால் பதினொன்று. சொல்ல வந்ததைச் சொல்லி, மூச்சு விட்டு, அது சபையில் போய் விழுந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்த பிறகுதான் சுற்று முடியும். டிரம்ஸ் வாசிக்கும் டில்லார்டு மேஸ் இதற்காக நாற்பத்தொரு வருடமாக அவருடைய வலது குதிகாலைப் பார்த்தபடியே வாசித்து வருகிறார். சுற்று மாறும் முன் குதிகால் மேலே எழும். எழுந்து அப்படியே நிற்கும். அது தரையில் இறங்குகிற நொடியில் எல்லோரும் அடுத்த சுற்றுக்கு மாற வேண்டும், அதற்கு முன்னால் மாறுகிறவன் தனியாகப் போவான். டில்லார்டு தன் மனைவி முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் குதிகாலைப் பார்த்தது அதிகம். இதை அவர் மனைவியே சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார். டில்லார்டு அதே சர்ச்சில் டீக்கன், சபைப் பொறுப்பாளர்.

ஒஸெல்லா ஸ்டுடியோவுக்குள் போய்ப் பாடிய முதல் ஆல்பம் 1994-இல் வந்தது. அவரைத் துணி மாட்டும் அறை ஒன்றில் கிதாரோடு தனியாக உட்காரவைத்துப் பாடவிட்டு, அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவர் மூச்சு விட்ட இடமெல்லாம் பிளேடு வைத்து நாடாவை நறுக்கினார்கள். சரியாகப் பன்னிரண்டு. அதன்மேல் மற்ற வாத்தியங்களை ஒட்டினார்கள். ஆல்பம் நன்றாகப் போனது. ரேடியோவில் போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். எங்கேயோ கிளம்ப நேரமாகிவிட்ட மாதிரி ஒருத்தி அதில் பாடிக்கொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து தொல்லை. எந்த ஊரில் எந்த விழாவுக்குப் போனாலும் உள்ளூர் வாத்தியக்காரர்கள் அந்த ரெக்கார்டைக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்து நிற்பார்கள். சுவிட்சர்லாந்தில் ஒரு பையன் பாட்டு முடிந்ததும் ரொம்பப் பணிவாகப் பக்கத்தில் வந்தான்.

"மேடம், மூணாவது சுற்றுல நீங்க கொஞ்சம் தவறிட்டீங்க. ரெக்கார்டுல பன்னிரண்டுதான் இருக்கு."

"ரெக்கார்டுல பாடுனது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"அப்ப அவளையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. எனக்கு ரெண்டு விமானம் மாறுற வேலை மிச்சமாயிருக்கும்."

தன் பாட்டைத் தானே தப்பாகப் பாடுகிறவர் என்று முப்பது வருடமாகப் பெயர் எடுத்தவருக்கு இரண்டாவது ஆல்பத்துக்கு அழைப்பு வந்தபோது ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இதில் சுற்று தன் நீளத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது ஆல்பம் வரும் என்று கம்பெனியும் சொல்லவில்லை, இதய டாக்டரும் சொல்லவில்லை.

தயாரிப்பாளர் ட்ரெவர் லிண்ட் ப்ரூக்ளினிலிருந்து மெம்ஃபிஸில் வந்திறங்கினான். நாற்பது வயது. இறந்துபோன விவசாயி யாரோ விட்டுச்சென்றது போன்ற தொப்பியைக் கடையில் புதிதாக வாங்கிப் போட்டிருந்தான். நள்ளிரவுக்கு மேல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அவன் திட்டம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒஸெல்லா.

"காலையில ஒன்பது, சாயங்காலம் மூணு. மெழுகுவர்த்தியைப் பகல்லயே கொளுத்திக்கோ தம்பி, நான் வேணாம்னு சொல்லல."

அட்டைப்படம் எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போய், கூரை பாதி விழுந்த ஒரு மரவீட்டின் முன்னால் நிறுத்தினான்.

"இது யாரு வீடு?"

"தெரியல, மிஸ் ஒஸெல்லா. ஆனா அப்படியே உங்க வீடு மாதிரியே இருக்குல்ல?"

"என் வீட்டுல ரெண்டு ஏசி இருக்கு."

ட்ரெவர் அதை ஒரு துயரமான செய்தியைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டான்.

முதல் நாள் ஸ்டுடியோவில், ஒவ்வொருவரையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தான். டில்லார்டு ஒரு கண்ணாடிக் கூண்டில். நாஷ்வில்லிலிருந்து சம்பளத்துக்கு வந்த பேஸ் கிதார் பையன் கோல்பி தாழ்வாரத்தில். ஒஸெல்லா மெத்தென்ற கம்பளம் விரித்த அறையில், காதில் ஹெட்ஃபோனோடு. ஹெட்ஃபோனுக்குள் ஏதோ 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

"இண்டிகேட்டர் போட்டுட்டு ஆஃப் பண்ண மறந்துட்டியா?" என்றார் ஒஸெல்லா.

"அது தாளம், மிஸ் ஒஸெல்லா. அது கூடவே போனா போதும்."

"எந்தப் பக்கம் திரும்புறதுன்னு சொல்லாம அது கூட எப்படிப் போறது?"

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பாட்டைப் பற்றி ட்ரெவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அவன் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "இந்தப் பாட்டைப் பாடும்போது, அந்த வலி... உங்களுக்கு எங்கேருந்து வருது?"

"முழங்கால்லேருந்து."

பாடினார். பக்கத்து வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துச் சருகைத் தள்ள, காது கிழிய இலை ஊதும் மெஷினை ஓட்டுவதைப் பற்றிய பாட்டு. நல்ல பாட்டு, கொலைவெறி உள்ள பாட்டு. முதல் சுற்று முடியும் இடத்தில் கோல்பி பன்னிரண்டை எண்ணி மாறினான். டில்லார்டுக்குக் கூண்டிலிருந்து குதிகால் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் பதிமூன்றில் மாறினார். ஒஸெல்லா பதிமூன்றரையில் மாறியபோது ஒரு சமையலறை அலமாரி மாடிப்படியில் உருண்டு வந்தது போலிருந்தது.

"அருமை!" என்றான் ட்ரெவர். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. பின்னாடி சரி பண்ணிக்கலாம்."

1994-இலும் இதையேதான், இதே அன்போடுதான், சொன்னார்கள்.

மறுநாள் காலை அவன் சரி பண்ணியதைப் போட்டுக் காட்டினான். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. வழவழவென்று போனது. ஒஸெல்லா கடைசிவரை கேட்டார்.

"யாரு இவ?"

"நீங்கதான்!"

"இல்ல. இவளை எனக்குத் தெரியும். முப்பது வருஷமா இவ வாய்க்கு நான் பதில் சொல்லிட்டு இருக்கேன். என் சுற்றை எனக்குத் திருப்பிக் குடு."

"மிஸ் ஒஸெல்லா, அரைக் கட்டம்தானே! கேக்குறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்பட்டுமே. அதுக்குப் பேருதானே பாட்டு கேக்கிறது."

ட்ரெவர் வருத்தத்தோடு ஒப்பந்தத்தை நினைவூட்டினான். ஒன்பதாம் பக்கம்: பதிவான ஒலியை வெட்டவும் ஒட்டவும் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. ஒஸெல்லாவின் கையெழுத்து அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் வருகைப் பதிவில் போட்டுப் பழகிய கையெழுத்து.

மதியம் வறுத்த கெளுத்தி மீனும் வெள்ளை ரொட்டியும் தின்ன ஒஸெல்லாவும் டில்லார்டும் எதிர்க் கடைக்குப் போனார்கள். ஒலிப்பதிவு இன்ஜினியர் மார்வாவும் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். மெம்ஃபிஸ்காரி, அவள் அம்மாவும் டில்லார்டின் மனைவியும் ஒரே பாடகர் குழு. முந்தைய இரவு கத்தரி போட்டது அவள்தான்.

"நல்ல தையல்காரி நீ," என்றார் ஒஸெல்லா. "தையலே தெரியல."

"நான் கம்பெனி ஆளு, மிஸ் ஒஸெல்லா. உங்களுக்கு நான் எதுவும் சொல்லித் தரக் கூடாது." மார்வா மீன்மேல் காரச் சாற்றை உலுக்கினாள். "சும்மா என் வேலையைப் பத்திப் புலம்பிக்கிறேன். பக்கத்துல உட்கார்ந்தவங்க காதுல விழுந்தா அது என் தப்பில்ல."

"புலம்பு தாயி, புலம்பு," என்றார் டில்லார்டு.

"ஆளுக்கு ஒரு ரூம் குடுத்தா எனக்கு வேலை சுலபம். அவங்கவங்க சத்தம் எங்க ஓயுதோ அங்க அவங்கவங்களை வெட்டிக்கலாம். எல்லாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்துட்டா போச்சு. டிரம்ஸு பாட்டு மைக்குல விழும், பாட்டு டிரம்ஸ் மைக்குல விழும். அப்பவும் எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டா வெட்டிடலாம். ஆனா எவராவது ஒருத்தர் இழுத்துட்டே இருந்தா," அவள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், "எங்க கை வச்சாலும் காயம் தெரியும். அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

டில்லார்டு ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி எடுத்தார்.

"என் சிம்பல் தட்டை ஒரு தடவை தட்டுனா எட்டு எண்ணுற வரைக்கும் அழும்," என்றார் டில்லார்டு, பொதுவாக.

"நான் அந்த அரைக் கட்டத்துல முனகிட்டே இருக்கலாம்," என்றார் ஒஸெல்லா. "வயசானவங்க முனகுறது சகஜம்தானே."

"எனக்கு எதுவும் கேக்கல," என்றாள் மார்வா.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் ஒஸெல்லா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டார். இப்படி ஒரு பெருமூச்சை ட்ரெவர் முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்துக் காத்திருந்தான்.

"என்ன மிஸ் ஒஸெல்லா?"

"ஒண்ணுமில்ல தம்பி. அந்தக் காலத்துல நாங்க எல்லாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து பாடுவோம். ஒருத்தர் வேர்வை ஒருத்தர் மேல தெறிக்கும். இந்த ஹெட்ஃபோனு, கண்ணாடி, கம்பளம்... சரி விடு, உனக்குப் புரியாது."

1994-இன் துணி மாட்டும் அறையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ட்ரெவருடைய கண்கள் பளபளத்தன. தொப்பியைக் கழற்றினான். அரை மணி நேரத்தில் கம்பளத்தைச் சுருட்டி, கண்ணாடிக் கூண்டைப் பிரித்து, அந்தக் காலத்தை அவன் கையாலேயே கொண்டுவந்து இறக்கினான். இடையில் போனை எடுத்துப் பத்திரிகைக்காரர் யாரிடமோ, "எனக்குத் திடீர்னு ஒரு யோசனை வந்துச்சு," என்றான்.

ஒஸெல்லாவின் காலுக்கடியில் ஒரு பலகை போட்டார்கள். டில்லார்டு எதிரே. கோல்பி பக்கவாட்டில். முதல் பாட்டின் முதல் சுற்றிலேயே கோல்பி பன்னிரண்டில் மாறினான். ஒஸெல்லா நிறுத்தினார்.

"பஸ் இன்னும் நிக்கல. எழுந்தது யாரு?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். நான் எண்ணிட்டு இருந்தேன்."

"எண்ணாத மக்கா," என்றார் டில்லார்டு. "அந்தக் குதிகாலைப் பாரு. கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு? இல்லையா? அப்ப இன்னும் நல்லது, பார்க்க வேற எதுவும் இருக்காது."

இரண்டு நாளில் ஒன்பது பாட்டு. இலை ஊதும் மெஷின், பல் டாக்டர், விவாகரத்தான பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து நிற்கும் இரண்டாவது புருஷன் எல்லாம் வந்தார்கள். சுற்று முடியும் இடமெல்லாம் குதிகால் எழும், சிம்பல் அழும், ஒஸெல்லா முனகுவார். கோல்பி முதல் நாள் மூன்று தடவை தவறினான், இரண்டாம் நாள் ஒரு தடவை. ட்ரெவர் மெழுகுவர்த்தி கொளுத்தினான். பகல் பதினொரு மணி.

நான்காம் நாள் காலை ஒஸெல்லா வந்தபோது ட்ரெவர் மார்வாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தொப்பி இல்லை. மார்வா பன்னிரண்டுக்கு வெட்டிக் காட்டினாள். சிம்பல் பாதி அழுகையில் செத்தது. வேறு இடத்தில் வெட்டினாள். ஒஸெல்லாவின் கால் பலகையில் இரண்டு தடவை சேர்ந்து விழுந்து, பாடகிக்கு மூன்று கால் முளைத்தது. இன்னொரு இடத்தில் வெட்டினாள், முனகல் விக்கலாகியது.

"இதுக்கு மேல எனக்குத் தெரியல சார்," என்றாள் மார்வா, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். "ஒரே ரூம்ல எடுத்தா இப்படித்தான். உங்க யோசனை நல்ல யோசனைதான், ஆனா..."

ட்ரெவர் திரும்பி ஒஸெல்லாவைப் பார்த்தான். மெதுவாக அவனுக்குப் புரிந்தது. புரிவதற்கு ஏறக்குறைய பதிமூன்றரைக் கட்டம் பிடித்தது.

"நீங்க வேணும்னே செஞ்சீங்க."

"ஆமா."

அவர் மறுப்பார் என்று நினைத்திருந்தவன் மேஜையில் கையை ஊன்றினான். "ஒன்பதையும் தனித்தனி ரூம்ல திரும்ப எடுப்போம்," என்றான். "இல்லேன்னா இந்த ஆல்பம் அலமாரிக்குத்தான் போகும்."

"போகட்டும். முழுசா அலமாரியில இருக்கட்டும். மூச்சை அறுத்துட்டு வெளியில வர்றதுக்கு அது எவ்வளவோ மேல்."

"விளையாடாதீங்க. இது உங்க கடைசி ஆல்பமா இருக்கலாம்."

"அதனாலதான் சொல்றேன்."

டில்லார்டு தன் குச்சிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். நாற்பத்தொரு வருடத்தில் அவர் பல இடங்களிலிருந்து இப்படிக் கிளம்பியிருக்கிறார், அவசரப்படவில்லை. மார்வா போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், தொண்டையைச் செருமினாள்.

"சார், உங்க பேட்டி காலையில வந்திருக்கு. நல்லா இருக்கு. படிக்கட்டுமா? 'ஒரே அறை. ஒரே மூச்சு. இந்த ஆல்பத்தில் ஒரு நொடிகூட வெட்டப்படவில்லை. வெட்டுவது பாவம் என்று ட்ரெவர் லிண்ட் நம்புகிறார்.' படம்கூடப் போட்டிருக்காங்க. மெழுகுவர்த்தி தெரியுது."

"நிறுத்து," என்றான் ட்ரெவர்.

"கீழே நானூறு பேர் பாராட்டியிருக்காங்க."

ட்ரெவர் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"சரி. ஒன்பதும் உங்க இஷ்டப்படி அப்படியே வரட்டும். பத்தாவது ஒண்ணு பாக்கி இருக்கு. அது ரேடியோவுக்கு. அது மட்டும் பன்னிரண்டு. ஒரே ரூம்லயே பாடுங்க, குதிகாலைத் தூக்குங்க, என்ன வேணாப் பண்ணுங்க. பன்னிரண்டுல மாறிடுங்க. ஒன்பதுக்கு ஒண்ணு. நியாயம்தானே?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் ஒஸெல்லாவை உறுத்தியது. ஒன்பது பாட்டை வாங்குகிறவன் கேட்பான். ரேடியோவை எல்லோரும் கேட்பார்கள். பஸ் டிரைவர்கள் கேட்பார்கள், சுவிட்சர்லாந்துப் பையன் கேட்பான். கேட்டுவிட்டு, 'பார்த்தீங்களா மேடம், உங்களுக்கே தெரியுது' என்பான்.

"மைக்கைப் போடு," என்றார்.

ட்ரெவர் கோல்பியைத் தனியாக அழைத்துக் காதில் ஏதோ சொன்னான். கோல்பி தலையாட்டினான். பிறகு ட்ரெவர் கண்ணாடிக்குப் பின்னால், பேஸ்காரன் கண்ணுக்கு நேரே போய் நின்றுகொண்டான். சரியான இடத்தில் கையை இறக்கிக் காட்டுவது ஏற்பாடு.

பாட்டு ஆரம்பித்தது. மெதுவான பாட்டு, ஒருத்தி வாசலில் நிற்கிறாள், உள்ளே இருப்பவன் கதவைத் திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான் கதை. ஒன்பதாவது கட்டம், பத்தாவது, பதினொன்று. ஒஸெல்லா கடைசி வரியைப் பாடி முடித்தார். பன்னிரண்டு. ட்ரெவரின் கை விழுந்தது.

குதிகால் மேலே இருந்தது.

கோல்பி கையைப் பார்த்தான். குதிகாலைப் பார்த்தான். அவனுடைய விரல் தந்திமேல் இருந்தது. சம்பளம் கொடுக்கிறவன் கண்ணாடிக்குப் பின்னால் மறுபடி கையை ஓங்கி இறக்கினான், ஈ விரட்டுகிறவனைப் போல. பதிமூன்று. டில்லார்டின் சிம்பல் அழுதுகொண்டிருந்தது. ஒஸெல்லா முனகவில்லை, வாயை மூடிக்கொண்டு பையனையே பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. போகிறதானால் போ என்கிற பார்வை. பதிமூன்றரை வந்தது, போனது. குதிகால் இறங்கவில்லை. பதினாலு. இவ்வளவு தூரம் அவர் இதுவரை வந்ததில்லை. டில்லார்டின் புருவம் நெற்றிக்கு ஏறியது. பதினைந்து. கோல்பியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கிதார்மேல் விழுந்தது. அவன் இப்போது கண்ணாடிப் பக்கம் பார்க்கவே இல்லை.

குதிகால் இறங்கியது. மூன்று பேரும் ஒரே அடியாக இறங்கினார்கள். அறையின் ஜன்னல் அதிர்ந்தது.

இன்னும் நாலு சுற்று பாடினார். ஒன்றுகூட இன்னொன்றின் நீளத்தில் இல்லை. கடைசி ஓசையும் அடங்கிய பிறகு ஒலிபெருக்கியில் ட்ரெவரின் குரல் வந்தது. கோபம்கூட இல்லை அதில்.

"கோல்பி, முதல் சுற்று எத்தனை?"

"தெரியல சார். நான் எண்ணல."

"உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க சார்," என்றான் கோல்பி.

டில்லார்டு குச்சியால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ட்ரெவர் கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் வந்தான். "குறைஞ்சது அட்டையில ஒரு குறிப்பாவது போட்டுக்கிறேன், மிஸ் ஒஸெல்லா. சுற்றுகளோட நீளம் மாறுறது பிழை இல்ல, கலைஞரோட பாணின்னு. இல்லேன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

"எழுதாத."

"ரெண்டே வரி."

"ஒரு வரியும் வேணாம். எண்ணணும்னு தோணுறவன் எண்ணிக்கட்டும். எண்ணி முடிச்சுட்டு எனக்கு ஒரு கடுதாசி போடட்டும், நானும் தெரிஞ்சுக்கிறேன்." ஒஸெல்லா கிதாரைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு கொக்கிகளையும் மாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மார்வா, ரேடியோவுக்கு இதையே அனுப்பு. பாதியில நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்கட்டும். வெட்டுனா மட்டும், பாடுனது வேற யாரோன்னு சொல்லச் சொல்லு."